ரப்பர் வளையத்துக்குள் இருந்த பாறை

போன மாதம் நான் வேலை பார்த்த பரிசோதனைக்கூடத்துக்குப் புது பிரஸ் வந்தது. பாறையை அமுக்கி உடைக்கும் இயந்திரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் பிரஸ். ஓய்வு பெற்ற பிறகும், வீடு புனேயின் சாங்வியிலேயே இருப்பதால், இப்படி ஏதாவது என்றால் கூப்பிடுவார்கள். போனேன். புது பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணாடிக் கதவு. அதற்கு வெளியே ஒரு கேமரா. கல் உடைகிற நொடியை அது ஆயிரக்கணக்கான படங்களாகப் பிடித்து, பிறகு மெதுவாக ஓட்டிக் காட்டுகிறது.

நான் பாதி ஆயுள் கல் உடைத்தவன். ஆனால் கல் உடைவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலில் கல்லின் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு வந்தது. அது மேலிருந்தும் வரவில்லை, கீழிருந்தும் வரவில்லை. உள்ளே எங்கோ பிறந்து இரண்டு பக்கமும் ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நாலைந்து. எல்லாம் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்தன. சேர்ந்த பிறகும் கல் கொஞ்ச நேரம் முழுசாகவே நின்றது. தான் உடைந்தது அதற்கே தெரியாதது போல. அதற்கப்புறம்தான் சிதறியது. நேரில் பார்க்கும்போது இதெல்லாம் சேர்ந்து ஒரே ஒரு 'டப்'.

திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். கேமரா பார்க்கும் பெண் காவ்யா, இங்கேயே வானவடியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ராணுவம். "அங்கிள், இது ரீல்ஸ் இல்ல, போதும்" என்று சிரித்தாள். அவள்தான் என்னை எழுதச் சொன்னதும். "நம்ம தமிழ்ச் சங்க மலர்ல போடலாம் அங்கிள். ஆனா நான் தமிழ் மெதுவாத்தான் படிப்பேன். சின்னச் சின்னதா எழுதுங்க" என்றாள். எனக்கும் அப்படித்தான் வரும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு இடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு குவாரியில் சேர்ந்தேன். இடது சுண்டு விரலின் நுனி அங்கே போனது. அங்கேதான் கல்லை எப்படிப் பிளப்பது என்று முதலில் கற்றேன். ஒரு வரிசையாகத் துளை போட்டு, துளைக்கு ஒன்றாக இரும்பு ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றித் தட்டுவோம். பலமாக அடிக்கக் கூடாது. எல்லா ஆப்பும் ஒரே சுருதியில் பாட ஆரம்பித்ததும் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். யாரும் தொடாமலே, பீடி பாதியில் இருக்கும்போது, கோடித் துணி கிழிகிற சத்தம் கேட்கும். ஆள் உயரப் பாறை இரண்டாகியிருக்கும். அடித்ததற்கும் உடைந்ததற்கும் நடுவில் அந்தக் கல் என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போன நாட்கள் உண்டு.

பிறகு திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் ஏறினேன். அந்த வண்டிகள் போகாத ஊர் கிடையாது. ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா என்று ஓடினோம். அங்கே என் கூட்டாளி செல்வராசு. ராசிபுரத்துக்காரன். வாய் ஓயாது. சம்மட்டி போல் குத்திக் கல்லை மாவாக்கி மேலே தள்ளுகிற வேலை அது. இரண்டு பேரும் வெள்ளைப் பேய் மாதிரி இருப்போம். புனே வந்தபோது எனக்கு மஞ்சள் காமாலை. வண்டி காத்திருக்க முடியாது. என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நாந்தேட் போய்விட்டது. செல்வராசு தன் போர்வையை விட்டுவிட்டுப் போனான். எழுந்து நடமாடத் தொடங்கியதும், பாறையை மாவாக்காமல் உருளையாக அறுத்து வெளியே எடுக்கிற குழு ஒன்றில் சேர்ந்தேன். அந்த உருளையைக் கோர் என்பார்கள். ஒரு நாள் கோர் பெட்டிகளை இறக்கப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனவன், அங்கேயே நின்றுவிட்டேன். அலைந்தவன் எப்படி நின்றான் என்று என் மனைவி இன்றும் கேட்பாள். காரணம் அந்தக் கூடத்தை நடத்திய குல்கர்ணி மேடம்.

குட்டையான உருவம். பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரன் போடுகிற ஷூ. நான் பெட்டியை இறக்கியபோது ஒரு வட்டத் துண்டுக் கல்லை, ரூபாய் நாணயத்தை நிற்க வைப்பது போல விளிம்பில் நிறுத்தி, பிரஸ்ஸில் வைத்திருந்தார். என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார்: "நீ சொல்லு. மேலிருந்து அமுக்கப் போறேன். எப்படி உடையும்?"

"மேல்பக்கம் நசுங்கும், மேடம்."

"சாக்பீஸ் அங்க இருக்கு. கோடு போடு."

மேல் விளிம்பில் கோடு போட்டேன். அமுக்கினார். மேல்பக்கம் நசுங்கவில்லை. கல் நட்ட நடுவில் நேராகப் பிளந்து, இரண்டு அரை நிலாவாக விழுந்தது. அமுக்கினால் ஏன் பிளக்க வேண்டும்? "மேலயும் கீழயும் அமுக்கினா நடுப்பகுதி பக்கவாட்டுல விலகப் பார்க்கும். அது இழுவை. பாறை அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. பத்துல ஒரு பங்குகூடச் சில கல்லு தாங்காது" என்றார். குவாரியில் ஆப்பு செய்ததும் அதேதான் என்று அப்போது விளங்கியது. நாங்கள் கல்லை அடிக்கவில்லை, இழுத்திருக்கிறோம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கல்லை வைத்தாலும், அறையில் இருக்கிற எல்லோரும், பெருக்க வந்த அம்மா உட்பட, உடையும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. பேசினால் மேடம் மராத்தியில் "தாம்ப்" என்பார். பொறு என்று அர்த்தம். காது கல்லின் பக்கம் இருக்கும். உடைவதற்கு முன்னால் கல் முணுமுணுக்கும், எண்ணெயில் கடுகு போட்டது போல. உடைந்ததும் யாரும் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. துண்டுகளைப் பொறுக்கி, பழையபடி பொருத்தி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டி, ஜன்னல் திண்டில் வரிசையாக நிறுத்த வேண்டும்.

"பொருத்திப் பார்க்காம தூக்கிப் போட்டா, எவ்வளவு தாங்குச்சுன்னு மட்டும்தான் தெரியும். ஏன் தாங்கலைன்னு தெரியாது" என்பார்.

அந்தத் திண்டில் நான் கண்ட அதிசயங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உயரவாக்கில் அமுக்கிய உருளை, மூங்கில் பிளப்பது போல நெட்டுக்குத்தாகப் பிளந்து நிற்கும். சிலது நடுப்பக்கம் சிதறிப்போய் மேலும் கீழும் இரண்டு கூம்பு மட்டும் மிஞ்சும், உடுக்கை போல. பக்கவாட்டில் தள்ளினால் சறுக்கி, சறுக்கிய முகம் மெழுகு பூசியது போல வழவழக்கும். எல்லாவற்றிலும் என்னை அதிகம் மலைக்க வைத்தது இன்னொன்று. கல்லுக்கு ரப்பர் உறை போட்டு, இரும்புக் குடுவைக்குள் எண்ணெய் நிரப்பி, நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து அமுக்குவோம். அதே கல்தான். பல மடங்கு தாங்கும். வெடிக்காது, சிதறாது. ஒரே ஒரு சாய்ந்த கோட்டில் சத்தமில்லாமல் நழுவும். பூமிக்கு அடியில் பாறை அப்படித்தான் இருக்கிறது, சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கப்பட்டு. சுரங்கம் வெட்டுவது என்றால் அந்தப் பிடியில் ஒரு பக்கத்தை எடுத்துவிடுவது.

இனி அந்தச் சுரங்கத்துக்கு வருகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தண்ணீர் கொண்டுபோக ஒரு சுரங்கம் குடைந்தார்கள். ஊரில் நாம் கருங்கல் என்று சொல்வது அவ்வளவு கருப்பில்லை. இங்குள்ள எரிமலைக் கல் நிஜமாகவே கருப்பு. அந்தச் சுரங்கத்தின் கோர்கள் எங்களிடம் வந்தன. துளையிலிருந்து எடுத்த ஈரம் காயாமல், துணி சுற்றி மெழுகு பூசி அனுப்பியிருந்தார்கள். பூமிக்குள் எப்படி இருந்ததோ அதே ஈரத்தில் சோதிக்க வேண்டும் என்பது முறை. நாங்களும் முறைப்படி மெழுகை உரித்த கையோடு அறுத்து, முனைகளைச் சமமாகத் தேய்த்து, பிரஸ்ஸில் வைத்தோம். நல்ல கல். கையகலம்கூட இல்லாத உருளை, ஜல்லி நிரப்பிய லாரியைத் தலையில் ஏற்றினாலும் நிற்கும் அளவுக்குத் தாங்கியது. உறுதியான பாறை, அங்கங்கே இரும்புக் கம்பி அடித்தால் போதும், சிமெண்ட் பூச்சு தேவையில்லை என்று அறிக்கை போனது. உடைந்தவற்றை வளையம் மாட்டித் திண்டில் வைத்தோம்.

அந்தச் சுரங்கத்தில் வேலை பார்ப்பவன் யார் என்று அப்புறம்தான் தெரிந்தது. செல்வராசு போன் செய்தான். போர்வெல் வண்டியை விட்டு இறங்கி, சுரங்கம் சுரங்கமாகப் போய், இப்போது அங்கே துளை போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. "பழனி, உள்ள ஒரு எடம் இருக்குடா. வண்டி திரும்பறதுக்கு அகலமா வெட்டியிருக்கறாங்க. காத்தாடி காத்து நேரா வருது. நாங்க பத்துப் பேரும் அங்கதான் சோறு திங்கறது. ஏசி ரூமாட்ட இருக்குது" என்றான்.

கோடை முற்றியிருந்த சமயம். ஒரு சாயங்காலம் இடியும் காற்றுமாக மழை வந்தது. ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கவில்லை. மறுநாள் காலை கூடத்தைத் திறந்தேன். திண்டில் வரிசையாக நின்ற கற்களில் பெரும்பாலானவை நனைந்து பளபளவென்று நின்றன. ஒரு மூலையில் மூன்று ரப்பர் வளையங்கள் தட்டையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும், சுற்றிலும், ஒரு கைப்பிடி கருப்புப் பொடி.

யாரோ கல்லை எடுத்துவிட்டு மண்ணைக் கொட்டி விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பெருக்குகிற அம்மாவிடம் கேட்டேன். அவர் சத்தியம் செய்தார். ஒவ்வொரு கல்லோடும் வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். மூன்றும் அந்தச் சுரங்கத்துக் கல். லாரியைத் தாங்கியவை.

மேடம் வந்தார். திண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். நான் வாய் திறந்தேன். "தாம்ப்." ஒரு சிறு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு என்னிடம் ஒன்றை நீட்டினார். வைத்தேன். கல் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"களிமண்" என்றார். "எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ள நுண்ணிய துவாரம் இருக்கும். அதுல பின்னால களிமண் வளர்ந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது. தண்ணி குடிச்சா ஊதும், காஞ்சா சுருங்கும்."

மெழுகு உரிக்காத கோர் இன்னும் சில இருந்தன. ஒன்றை ஈரத்தோடு வாளித் தண்ணீரில் போட்டோம். நாட்கணக்கில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றை மொட்டை மாடி வெயிலில் காயவைத்தோம். அதுவும் கெட்டியாகவே இருந்தது, அடித்த சம்மட்டி துள்ளியது. காய்ந்ததை வாளியில் போட்டோம். டிக் என்றது. மறுபடி டிக். பிரஸ்ஸில் கேட்கிற அதே சத்தம், பிரஸ் இல்லாமல். தண்ணீர் கலங்கியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாளியின் அடியில் சரளை.

ஈரமாகவே இருந்தால் பயமில்லை. காய்ந்தே கிடந்தாலும் பயமில்லை. காய்ந்து நனைந்தால் போச்சு. நாங்களோ காய விடவே கூடாது என்று அவ்வளவு பக்குவமாகப் பொத்திப் பொத்தி வைத்துச் சோதித்தோம். அந்தப் பக்குவம்தான் கல்லின் பலவீனத்தை மறைத்துவிட்டது.

மேடம் வாளிக்குள் கைவிட்டுச் சரளையை அள்ளினார். "நாம வெளியிலிருந்து அமுக்கினோம். தண்ணி உள்ளேயிருந்து இழுத்திருக்கு" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. கோயிலில் திரை விலகும்போது பேசுவது போல மெதுவாகப் பேசினார்.

எனக்குச் செல்வராசுவின் ஏசி ரூம் ஞாபகம் வந்தது. சுரங்கத்துக்குள் காற்றைத் தள்ளும் காற்றாடி மாதக்கணக்கில் அந்தக் கூரையைக் காய வைத்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலம் வந்தால் மலை ஒழுகும்.

மேடம் சுரங்க மேனேஜர் ஷிண்டேயைப் போனில் கூப்பிட்டார். அவர் மரியாதையாகவே சொன்னார், "மேடம், உங்க அறிக்கை என் மேஜை மேல இருக்கு. உங்க கையெழுத்துதான்."

"தெரியும். அதனாலதான் வர்றேன்."

ஜீப்பில் போனோம். கிளம்பும்போது ஈரமான கோர்த் துண்டு ஒன்றை, கண்ணாடிக்கு அடியில் வெயில் படும்படி முன்பலகையில் வைத்தார். மலையேறி முடிவதற்குள் அது சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது.

ஷிண்டேயின் அலுவலகம் ஒரு தகரக் கொட்டகை. மனிதர் கெட்டவர் இல்லை. மழைக்கு முன்னால் இன்னின்ன தூரம் போக வேண்டும் என்று மேலிடம் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. கூரை முழுக்கச் சிமெண்ட் அடிப்பதென்றால் குடைகிற வேலை நிற்கும். "இந்தக் கல்லை உடைக்க எனக்கு வெடி வேண்டியிருக்கு. நீங்க தண்ணியில உடையும்ங்கறீங்க" என்றார்.

கதவோரம் ஹெல்மெட்டோடு செல்வராசு. என்னைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பித்துவிட்டான். "ஏன்டா, புனேல கல்லுக்குத் தண்ணி வாத்து உடறதுதான் உன்ற வேலையா? சீயக்காயும் போடுவியா?"

"சும்மா இருடா."

"கரையறதுக்கு அதென்ன வெல்லமா?"

மேடம் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டார். வெளுத்த துண்டை அதில் போட்டார். டீ வந்தது. ஷிண்டே வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டே போனார். டம்ளரிலிருந்து சிறு குமிழிகள் ஏறின.

டிக்.

ஷிண்டே நிறுத்தினார். "என்ன அது?"

"தாம்ப்" என்றார் மேடம்.

டிக். டிக். துண்டின் ஒரு மூலை, யாரோ விரலால் தள்ளியது போல, நழுவி விழுந்தது. செல்வராசு கிட்டே வந்து குனிந்தான். டீயை யாரும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் துண்டு இருந்த இடத்தில் குவியல் இருந்தது.

ஷிண்டே நிமிர்ந்தார். "இது நீங்க கொண்டு வந்த கல். செல்வராஜ், வெளியே கொட்டியிருக்கற மேட்டுல, வண்டி திரும்பற இடத்துல வெட்டின கல்லை ஒண்ணு எடுத்துட்டு வா. வெயில்ல கிடந்ததா பாரு."

அது வெள்ளை வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கல். செல்வராசு அதைக் கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தபடி வந்தான், பார் எவ்வளவு கெட்டி என்பது போல. வேறு டம்ளரில் அவனே போட்டான். இது முதலாவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பிறகு மெதுவாக மேடத்திடம் சொன்னான், "ஏனுங்க மேடம், போன மழைக்கு அந்த மேட்டுல கல்லெல்லாம் மண்ணாப் போனதைப் பாத்தனுங்க. வெடியில நொறுங்குனதுன்னு நெனச்சுட்டேன்." அதை இந்தியில் நான் சொன்னேன்.

ஷிண்டே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். "மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது? ஒரு டம்ளர் தண்ணியைப் பார்த்து வேலையை நிறுத்தினேன்னா?"

"அப்படியே சொல்லுங்க" என்றார் மேடம். "கூரை முழுக்கப் பூசுங்க, காத்தும் ஈரமும் மாறி மாறிக் கல்லைத் தொடக் கூடாது. ஒரே ஒரு இடத்துல, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பூசாம விடுங்க. அதுக்குக் கீழ கயிறு கட்டி யாரையும் விடாதீங்க. மழை முடிஞ்சதும் உங்க மேலிடத்தைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. நான் சொன்னது தப்பா இருந்தா அந்த இடம் அப்படியே இருக்கும்."

எந்த இடத்தை விடுவது என்று உள்ளே போய்ப் பார்த்தோம். மேடம் டார்ச் அடித்துக்கொண்டே நடந்து, கூரை மிகவும் வெளுத்திருந்த இடத்தில் நின்றார். காற்றாடிக் காற்று முகத்தில் அடித்தது. கீழே செய்தித்தாள், வாழைப்பழத் தோல், ஒரு தண்ணீர்க் குடம்.

"நாங்க சோறு திங்கற எடத்துக்கு மேலயே உடறீங்களேம்மா" என்றான் செல்வராசு.

அன்று மாலையே குடைகிற வேலை நின்றது. பூச்சு வேலை முடிந்த வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைக்காலம் முழுக்க ஷிண்டேக்கு ஏச்சுதான் என்று செல்வராசு போனில் சொல்வான். தண்ணி டம்ளர் மேனேஜர் என்று பெயரே வைத்துவிட்டார்களாம். அவனும் விடவில்லை. "உன்ற கல்லு அப்படியேதான்டா இருக்குது. கயித்தைத் தாண்டி உக்காந்துக்கட்டுமா? புது எடத்துல காத்தே வரமாட்டேங்குது" என்பான்.

"நீ உக்காந்தேன்னா, உன் போர்வையைத் திருப்பித் தரமாட்டேன்."

பிறகு போன் வருவது குறைந்தது. ஒரு நாள் வந்தது. "ஒருக்கா வந்துட்டுப் போ" என்றான். கிண்டல் இல்லாமல் அவன் பேசி நான் கேட்டதில்லை.

மழை ஓய்ந்ததும் மேடமும் நானும் போனோம். ஷிண்டே முன்னால் நடந்தார். பூசிய கூரை இரண்டு பக்கமும் முழுசாக, ஈரமாக, சாம்பல் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் கயிறு கட்டிய இடத்தில், கீழே ஆள் முழங்கால் உயரத்துக்குக் கருப்புச் சரளை. அண்ணாந்து பார்த்தோம். பாய் அகலத்தில் ஒரு குழி, மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் அதன் முடிவைத் தொட்டது. அங்கே இன்னும் ஏதோ டிக் என்றது.

மேடம் கைகூப்பவில்லை, ஆனால் இரண்டு கையும் ஒன்றின் மேல் ஒன்றாக மார்பில் இருந்தது. எத்தனை லட்சம் வருஷமாக மலையைத் தாங்கி நின்ற கல். ஒரு காற்றாடிக்கும் ஒரு மழைக்காலத்துக்கும் இப்படி ஆகியிருந்தது. ஷிண்டே தலையிலிருந்து ஹெல்மெட்டை எடுக்கப் போனார், பிறகு எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து மறுபடி அழுத்திப் போட்டுக்கொண்டார்.

செல்வராசு கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று, சரளைக் குவியலையும் குழியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். பத்துப் பேர் வட்டமாக உட்காரும் இடம் அது. அவன் உதடு அசைந்தது. ஆட்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். சாப்பாட்டு நேரம். கையில் தூக்குச்சட்டி இருந்தது.

"வாடா பழனி" என்றான். "வெளிய போயிச் சாப்புடலாம்."